பதினான்காம் பக்கத்து முக்கோணம்

அத்தியாயம் 9

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். அதில் மூன்றே வரிகள். விசாரணை முடிந்துவிட்டது. என் கணவரின் வேலைப் பை அவர்களிடம் இருக்கிறது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வந்து, அறிக்கையில் கையெழுத்திட்டு, பையைப் பெற்றுக்கொள்ளலாம்.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து லிஃப்ட் இறங்கிவிட்டது. கடிதம் வந்தபோது அது நடந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அதைப் பற்றி எட்டு வாரம் எழுதியாகிவிட்டது, மறுபடியும் வேண்டாம்.

எழுதாமல் விட்ட ஒன்று அவருடைய காமிக்ஸ்.

ஐம்பத்தொரு வயது வரை அவர் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் படித்தார். சும்மா படிக்கவில்லை, சட்டம் போட்டுப் படித்தார். ஒரு கதை படமாக வரப்போகிறது என்று தெரிந்தால், படம் வருவதற்குள் அந்தக் கதையின் எல்லா இதழ்களையும் படித்து முடித்துவிட வேண்டும். படிக்காதவர்களுக்கு டிக்கெட் கிடையாது. படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் படிப்பது, பந்தி முடிந்தபிறகு இலையை மட்டும் பார்க்கப் போவது மாதிரி என்பார்.

வீட்டில் ஒரு பிரதிதான் இருக்கும். படிப்பவர்கள் இரண்டு பேர்: அவரும் எங்கள் மகளும். அவர் முதலில் படிப்பார். நிறுத்துகிற பக்கத்தின் கீழ்மூலையில் பென்சிலால் சின்ன முக்கோணம் ஒன்று போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதுவார். மகளின் குறி வட்டம். வட்டம் முக்கோணத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கதையைச் சொல்லிவிடுவாள் என்று அவருக்குப் பயம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவள் ஒருமுறைகூடத் தாண்டியதில்லை.

எனக்கு விதிவிலக்கு உண்டு. "தியேட்டர்ல தூங்கறவங்களுக்குச் சட்டம் கிடையாது" என்று என்னைத் தள்ளிவைத்திருந்தார்.

அந்த வருடம் அவர்கள் பிடித்தது 'நங்கூரன்'. துறைமுகக் கூலி ஒருவன். காலை ஊன்றி நின்றுவிட்டால் அவனை யாராலும், எதனாலும் நகர்த்த முடியாது. சக்தி அவ்வளவுதான். பறக்கக்கூட மாட்டான். நாற்பத்தெட்டு இதழ்கள். கடைசி இதழை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவே அவருக்கு ஐந்து மாதம் பிடித்தது. வந்த மூன்றாவது நாள் வேலைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அந்தப் பைதான் கம்பெனியில் இருந்தது.

கம்பெனி வரச்சொன்ன வியாழனுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்குப் படம் வெளியாகிறது.

"அம்மா, ரெடியா? லேட்டாப் போனா அதுக்கும் ஒரு கையெழுத்து கேப்பாங்க" என்றாள் மகள்.

"நீதான் படத்தையே பாத்துட்டியே. இனிமே என்ன அந்தப் புத்தகம்?"

"நான் எங்க படம் பாத்தேன்? வாயைப் பாத்தேன்."

அவள் டப்பிங் ஸ்டுடியோவில் வசனம் எழுதுகிறாள். நடிகர் வாயைத் திறக்கும்போது நம் பேச்சு தொடங்க வேண்டும், மூடும்போது முடிய வேண்டும். இரண்டு மாதம் அந்தப் படத்தில்தான் வேலை செய்தாள்.

"கடைசிச் சண்டைல நாற்பது செகண்டுக்கு 'ஆ', 'ஊ', 'ஏய்'. அதை எழுதினது நான். அவன் எதுக்குச் சண்டை போடறான்னு கேட்டா எனக்குத் தெரியாது. நாற்பத்தெட்டு படிக்காம நாளைக்குப் போய் உக்காந்தா அப்பா எந்திரிச்சு வந்துடுவார்."

சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள். நானும் தேடினேன்.

கிளம்பும்போது கொழுந்தனார் போன் செய்தார். அவர் என் கணவரின் தம்பி. அதே கம்பெனியில் மெக்கானிக். சேர்த்துவிட்டதே அண்ணன்தான். இருவரும் ஜோடியாகத்தான் வேலைக்குப் போவார்கள். அண்ணன் போனபிறகு அவர் ஒரு சாயங்காலம்கூட எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை. குழாய் ஒழுகினால் அவர், பல்பு போனால் அவர். ஒன்றுமே போகவில்லை என்றாலும் வந்து ஸ்விட்சுகளைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போவார்.

"நானும் வரட்டுமா அண்ணி?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "இல்ல, எனக்கு டூட்டி இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுங்க. ஒண்ணும் யோசிக்காதீங்க. முடிஞ்சது முடிஞ்சதா இருக்கட்டும்" என்றார்.

"சரி தம்பி."

"நாளைக்கு மூணு டிக்கெட் போட்டிருக்கேன்னு பாப்பா கிட்ட சொல்லுங்க."

கம்பெனி அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் கம்பெனியில் லிஃப்ட் பழுது என்று அட்டை தொங்கியது. மகள் என்னைப் பார்த்தாள். படியேறினோம்.

பாதுகாப்பு அதிகாரி மரியாதையானவர். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். பையை மேசைமேல் வைத்தார். அதன் வார் அறுந்து, என் கணவர் நைலான் கயிற்றால் தைத்திருந்த இடம் எனக்கு நேரே இருந்தது. ஒரு பட்டியலை எடுத்து வாசித்தார். ஸ்பானர் ஏழு. டெஸ்டர் ஒன்று. டார்ச் ஒன்று. மூக்குக் கண்ணாடி ஒன்று.

"படப் புத்தகம் ஒன்று, அடைப்புக்குள்ள, சிறுவர்களுக்கானது."

"அது சிறுவர்களுக்கானது இல்ல" என்றாள் மகள்.

"சரிம்மா. திருத்திக்கலாம்." உண்மையிலேயே பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தார். பிறகு அறிக்கையை என் பக்கம் திருப்பினார். "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க. அவசரம் இல்ல."

நான் படித்தேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை எனக்கு; சின்ன எழுத்துப் பழக்கம். அறிக்கை இப்படிச் சொன்னது: சம்பவ நாளன்று மதியம் இரண்டரை மணிக்கு உடன் வேலை செய்தவர் கிரீஸ் டப்பா வாங்க வெளியே சென்றார். அப்போது இறந்தவர் கட்டடத்தின் உச்சியிலுள்ள மோட்டார் அறையில் அமர்ந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார். வாசிப்பில் கவனம் சிதறிய நிலையில், மெயின் ஸ்விட்சை அணைக்காமலேயே தனியாகக் குழிக்குள் இறங்கினார். மூன்று பத்துக்கு விபத்து. காரணம், இறந்தவரின் கவனக்குறைவு. சாட்சி, உடன் வேலை செய்தவரின் வாக்குமூலம். அதன் கீழே கொழுந்தனாரின் கையெழுத்து இருந்தது.

அதற்கு அடுத்த கோட்டில்தான் நான் போட வேண்டும். போட்டால், இருபத்தாறு வருடம் லிஃப்ட் வேலை பார்த்த மனிதர் காமிக்ஸ் படித்ததால் செத்தார் என்று நானும் ஒப்புக்கொண்டதாகும்.

பேனாவின் மூடியைத் திறந்துவிட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. ஏழு மாதத்தில் எனக்கும் அலுத்துப் போயிருந்தது. அவர் படிக்கக் கூடியவர்தான். சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு குழம்பு என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றியவர். அறிக்கையில் எழுதியிருந்த ஆள் எனக்குத் தெரிந்த ஆளாகத்தான் இருந்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றாள் மகள்.

அதற்குள் அவள் புத்தகத்தை எடுத்துவிட்டிருந்தாள். அதிகாரி தடுக்கவில்லை. அவள் பக்கங்களைப் புரட்டவில்லை, ஒவ்வொன்றின் கீழ்மூலையை மட்டும் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டு போனாள். பதினான்காம் பக்கத்தில் நின்றாள். என் பக்கம் நீட்டினாள்.

முக்கோணம். பக்கத்தில் 12.50.

"சாப்பாட்டு நேரம்" என்றாள்.

அதிகாரிக்கு நான் விளக்கினேன். முக்கோணம், வட்டம், எல்லாவற்றையும். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பன்னிரண்டு அம்பதுக்கு நிறுத்திட்டு, ரெண்டரைக்கு மறுபடி எடுத்திருக்கலாமே அம்மா."

"எடுத்திருந்தா அடுத்த முக்கோணம் இருக்கும் சார்."

"அவசரமாக் கீழ போனவர் குறி போட்டுட்டா போவார்?"

அது நியாயமான கேள்விதான்.  அறிக்கையின் கடைசித் தாளைத் திருப்பினேன். அங்கே மோட்டார் அறையின் படம் ஒட்டியிருந்தது. தரையில் பை. ஸ்டூல். ஸ்டூலின் மேல் புத்தகம், விரித்த நிலையில், குப்புறக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மூடிக்கொள்ளாமல் இருக்க அதன் முதுகில் ஒரு ஸ்பானர்.

மகளும் பார்த்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தவர் யாரும் கிடையாது. எனக்குச் சட்டம் இல்லை என்றாலும், தூசி தட்டும்போது நான் ஒருமுறை அப்படி வைத்து, இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. முதுகு உடைந்துவிடுமாம். அதன்மேல் ஸ்பானரை அவர் வைத்திருக்க மாட்டார். தன் தலைமேல் வேண்டுமானால் வைத்துக்கொண்டிருப்பார்.

மகள் கையிலிருந்த புத்தகத்தின் முதுகைத் தடவினாள். அது ஓரிடத்தில் மடங்கியிருந்தது. விட்டாள். தானாகவே இருபத்திரண்டாம் பக்கத்தில் திறந்தது.

"எட்டுப் பக்கம் தாண்டிப் போயிருக்காங்க" என்றாள்.

"யாரு?" என்றார் அதிகாரி.

அவள் பக்கங்களைப் பின்னால் தள்ளினாள். பதினைந்தாம் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். ஒரு அலுவலகத்தில், நின்றுகொண்டு, ஐந்து நிமிடம் படித்தாள். இருபத்திரண்டில் நிறுத்திப் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தாள். தாண்டியது அதுதான் முதல் தடவை.

நான் பேனாவை மூடினேன்.

"இன்னைக்குப் போடலை சார்."

"போடலன்னா பையைத் தர முடியாதும்மா. திங்கக்கிழமை கோப்பு மேலிடத்துக்குப் போயிடும். அப்புறம் உங்க கையெழுத்து இல்லாமலேயே இதுதான் முடிவு." கொஞ்சம் தயங்கி, "யாராவது வேற வாக்குமூலம் குடுத்தா அது வேற விஷயம்" என்றார்.

பையை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கினோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மகள் போனை எடுத்தாள்.

"வேண்டாம்."

"அம்மா, மோட்டார் ரூம்ல ரெண்டு பேருதான் இருந்தாங்க."

"தெரியும்."

"சித்தப்பா கிரீஸ் வாங்கப் போகல. அங்க உக்காந்து படிச்சிட்டு இருந்திருக்கார். காமிக்ஸைப் பாத்தாலே கிண்டல் பண்ணுவாரே, ஜட்டியை வெளிய போட்டவன் கதைன்னு, அவர்!"

"நேர்ல வரட்டும். போன்ல கேட்டா போன்லயே பொய் சொல்ல வேண்டியிருக்கும் பாவம்."

அந்தப் 'பாவம்' எனக்கே எதிர்பாராமல் வந்தது. அதற்காக அவள் பஸ் ஸ்டாப் வரை என்னோடு பேசவில்லை.

மதியம் கடைக்குப் போனேன். அரைநாள் விடுப்புத்தான் சொல்லியிருந்தேன். ஆறு ஜோடி லென்ஸ் காத்திருந்தது. பார்வையின் நடுப்புள்ளியை மையால் குறித்து, கண்ணாடிச் சட்டத்துக்கு ஏற்ற மாதிரி ஓரத்தைத் தேய்க்க வேண்டும். புள்ளி ஒரு மயிரிழை தள்ளிப்போனால் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வரும். ஒன்றும் தள்ளிப்போகவில்லை. அன்றைக்கு நான் செய்த வேலையைப் பற்றிப் புகார் எதுவும் பிறகு வரவில்லை.

ஆறு மணிக்குக் கொழுந்தனார் வந்தார். வழக்கம்போல வாசல் ஸ்விட்சை ஒருமுறை போட்டு அணைத்துவிட்டு உள்ளே வந்தார். மூன்று டிக்கெட்டுகளை மேசைமேல் வைத்தார்.

"ஓரத்து சீட் உங்களுக்கு அண்ணி. தூங்கினாத் தலை சாய்க்கச் சுவர் இருக்கு." சுற்றிலும் பார்த்தார். "பை எங்க?"

"தரலை."

"ஏன்? கையெழுத்துப் போட்டீங்கல்ல?"

"காபி குடிங்க தம்பி."

மகள் உள்ளேயிருந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். டிக்கெட்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சித்தப்பா, டிக்கெட் போட்டது சரி. பரீட்சை?"

ஒவ்வொரு படத்துக்கும் முந்தைய நாள் சாயங்காலம் என் கணவர் ஒரு பரீட்சை வைப்பார். மூன்று கேள்விகள். பதில் தெரியாவிட்டால் டிக்கெட்டைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுவிடுவார். ஒருமுறை சொந்த மகளையே வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போயிருக்கிறார்.

"எனக்கென்ன பரீட்சை? நான் என்ன படிச்சேனா?" என்று சிரித்தார்.

"சும்மா, மூணே கேள்வி. முதல் கேள்வி. நங்கூரனோட உண்மையான வேலை என்ன?"

"மூட்டை தூக்கறது. இது யாருக்கும் தெரியும்."

"ரெண்டாவது. அவன் தங்கச்சி எந்த இதழ்ல திரும்பி வர்றா?"

"முப்பத்தொண்ணு" என்றார். சொன்ன பிறகு காபியை எடுத்துக்கொண்டார். "அண்ணன் சொல்லிட்டே இருப்பாரே."

"மூணாவது. நாற்பத்தெட்டு இதழ்ல பீரங்கி வெச்சு நகர்த்திப் பாத்தாங்க, கப்பலைக் கட்டி இழுத்துப் பாத்தாங்க, முடியல. கடைசில கலங்கரை விளக்கத்துக் கிழவி அவனை நகர்த்திடறா. எப்படி?"

நான் கொழுந்தனாரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தேன்.

"நகர்த்தல" என்றார். அவர் குரல் மலர்ந்திருந்தது. அந்த இடம் அவருக்கு ரொம்பப் பிடித்திருக்க வேண்டும். "யாரும் அவன்கிட்ட கேக்கவே இல்ல பாப்பா, நாற்பத்தேழு புத்தகமா. அவ வந்து, 'கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, விளக்கு ஏத்தணும்'னு கேட்டா. நகந்துட்டான்."

"படத்துல அந்தக் கிழவியே இல்ல சித்தப்பா" என்றாள் மகள். "அது இருபதாம் பக்கம். அப்பா பதினாலுதான் படிச்சிருந்தார்."

டம்ளர் மேசைக்கு வந்தது. காபி சிந்தவில்லை. மெதுவாகத்தான் வைத்தார்.

 பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது.

"எல்லாத்தையும் படிச்சேன் அண்ணி" என்றார் கடைசியில். மகளிடம் அல்ல, என்னிடம். "ஒண்ணுலேர்ந்து. அவர் பையில இருக்கறப்பவும், அவர் தூங்கறப்பவும். வருஷாவருஷம் நீங்க மூணு பேரும் படத்துக்குப் போவீங்க. படிக்காதவனுக்கு டிக்கெட் இல்லைன்னு என்கிட்டயும்தான் சொன்னார். சரி, இந்தத் தடவை பரீட்சைல பதில் சொல்லி அவர் மூஞ்சியைப் பாக்கலாம்னு..."

"அன்னைக்கு?" என்றேன்.

"சாப்பிட்டோம். அவர்தான் மெயினை அணைச்சார். என்னை ஸ்விட்ச் பக்கத்துல உக்கார வெச்சிட்டுக் கீழ போனார். குழிக்குள்ள போன் எடுக்காது. ஸ்பானரால கம்பியைத் தட்டுவோம், சத்தம் மேல வரைக்கும் வரும். ரெண்டு தட்டுன்னா, வெளிய வந்துட்டேன், போடு. மூணுன்னா, இன்னும் உள்ள இருக்கேன், போடாத."

எனக்கு அது தெரியும். எங்கள் வீட்டில் குளியலறைக் கதவைக்கூட என் கணவர் அப்படித்தான் தட்டுவார்.

"அவர் கீழ போனதும் பையிலேருந்து எடுத்தேன். ரெண்டு மணி நேரத்துல எட்டே பக்கம். ஒவ்வொரு படத்தையும் ரெண்டு தடவை பாத்தேன், பரீட்சைக்கு. அந்தக் கிழவி வந்தா. அதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். அப்பத்தான் தட்டினார்."

மகள் எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

"ரெண்டா, மூணா?" என்று கேட்டேன். எனக்குக் கோபம் இருந்ததா என்று இப்போது நினைவில்லை. கடையில் வாடிக்கையாளரிடம் எந்த வரி வரை தெரிகிறது என்று கேட்பேனே, அந்தக் குரலில்தான் கேட்டேன்.

"தட்டற சத்தம் கேட்டுச்சு. புத்தகத்தைக் கவுத்து வெச்சேன். போய் ஸ்விட்சைப் போட்டேன்." கண்ணைத் துடைக்கவில்லை அவர். துடைக்க ஒன்றும் இல்லை. "எத்தனைன்னு எண்ணல அண்ணி."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பும் வரை மூன்று பேரும் காத்திருந்த மாதிரி இருந்தது.

"திங்கக்கிழமைக்குள்ள வேற வாக்குமூலம் குடுத்தா எடுத்துப்பாங்களாம்" என்றேன். "நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கம்பெனி திறக்கும்."

"படமும் பத்து மணிக்குத்தான்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. நேரத்தைச் சொல்கிறவர் மாதிரி சொன்னார்.

எழுந்தார். மகள் டிக்கெட்டுகளை எண்ணாமல் ஒன்றை மட்டும் உருவி, அவர் பக்கம் மேசையில் தள்ளினாள்.

"மூணு கேள்விக்கும் பதில் சொல்லிட்டீங்க சித்தப்பா" என்றாள்.

அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். எந்தப் பத்து மணிக்கு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.